பதினாறு டப்பாவும் மூன்றாம் நம்பர்

இருபத்தாறு வயது வரைக்கும் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரியாது என்பது யாருக்கும் தெரியாது. இந்த இரண்டாவது விஷயத்துக்குத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். டீக்கடையில் பேப்பரை எடுத்து விரிப்பேன். தலைகீழாகப் பிடித்து மாட்டிக்கொள்கிற ஆட்கள் உண்டு. நான் அப்படியில்லை. போட்டோவில் இருக்கிற மந்திரியின் தலை மேல்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் பிடிப்பேன். நடுநடுவே, "ம்ஹூம், இந்த நாடு உருப்படாது" என்று சொல்வேன். அதைச் சொன்னால் பேப்பர் முழுவதும் படித்துவிட்டதாக ஆகிவிடும். (இப்போதும் ஆகிவிடும். சொல்லிப் பாருங்கள்.)

இந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு ஆயுத பூஜை அன்று மத்தியான ஆட்டத்தில், முந்நூறு பேர் பார்க்க, ஒரு ஐயங்கார் சுவாமியின் ஒன்பது வருஷ சபதத்தின் மேல் போய் மோதியது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். நேராகச் சொல்ல எனக்கு வராது.

திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற ரோட்டில் அப்போது ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம். (கூட்டம் அப்போதுதான் அதிகம். சாப்பாடு போடாமலே வந்தார்கள்.) நான் அங்கே அசிஸ்டென்ட் ஆபரேட்டர். ஆபரேட்டர் பாலக்கரை ஜமால் பாய். அந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் வீட்டு மாட்டுப் பாலைச் சைக்கிளில் எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வீதிகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பால் ஊற்றுகிறவனுக்கு எந்த வீட்டில் என்ன சண்டை என்று தெரியும். படிக்காதவனுக்கு அதெல்லாம் மறக்கவும் மறக்காது.

சினிமாவில் படம் டப்பா டப்பாவாக வரும். ஒரு டப்பா பத்து நிமிஷம் ஓடும். பதினாலு டப்பா வந்தால் அதை வரிசையாகப் போட வேண்டும். மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் டப்பா மேல் நம்பர் ஒட்டித்தான் அனுப்புவார்கள். ஆனால் ஒன்று, இரண்டு என்று நேராக எழுத மாட்டார்கள். வேலிக்கு நட்ட குச்சி மாதிரி கோடு, பக்கத்தில் ஒரு கவட்டை, அப்புறம் ஒரு பெருக்கல் குறி. சாதாரண நம்பர் எனக்கு பஸ்ஸிலும் ரூபாய் நோட்டிலும் பழக்கம். இந்தக் கவட்டை பழக்கமில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பாய் நம்பரைச் சொல்லச் சொல்ல, வெற்றிலைக்கு வைத்திருக்கிற சுண்ணாம்பைத் தொட்டு மூடியில் புள்ளி வைத்துவிடுவேன். முதல் டப்பாவுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு. பதினாலாவது டப்பா அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

"ஏன் தம்பி, எழுத்துதான் இருக்கே, இது எதுக்கு?" என்று பாய் ஒருமுறை கேட்டார்.

"இருட்டுல எழுத்தைவிடப் புள்ளிதான் பாய் சட்டுன்னு தெரியும்."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கேட்கவில்லை.

இப்போது டைரக்டர் கதைக்கு வருகிறேன். சௌரிராஜன் என்று ஒரு டைரக்டர். ஸ்ரீரங்கத்துப் பிள்ளை. அப்பா ஒரு சின்னப் பெருமாள் சன்னதியில் அர்ச்சகர். பிள்ளை மெட்ராஸுக்குப் போய் முதலில் ஒரு பக்திப் படம் எடுத்தார். ஊரே கொண்டாடியது. அப்புறம் ஒரு படம் எடுத்தார். அதில் மடப்பள்ளியில் சமைக்கிற ஒருத்தர், புருஷனை இழந்த ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வார். அவ்வளவுதான் கதை. ஊர் கொதித்துவிட்டது. போஸ்டர் எல்லாவற்றிலும் சாணி. கண்டனக் கூட்டம். ஸ்ரீரங்கத்தில் ஒருத்தரும் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது என்று பேச்சு. ஆகவே எல்லோரும் காவிரிப் பாலம் தாண்டி திருச்சிக்குப் போய்ப் பார்த்தார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் துண்டு போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியாத மாதிரி இருந்துவிட்டு வந்தார்கள். நான் இரண்டு தடவை பார்த்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டு முழுதாகத் திட்ட முடியவில்லை.

டைரக்டரின் அப்பா ஐயங்கார் சுவாமி மட்டும் பார்க்கவில்லை. பார்க்காமலே கொள்ளிடத்தில் போய்ப் பிள்ளைக்குத் தலை முழுகிவிட்டு வந்தார். "இனி அவன் மூஞ்சில முழிக்கறதில்லை" என்று பெருமாள் முன்னால் சபதம். வீட்டிலிருந்த போட்டோக்கள் பரண் மேல் போயின. செங்கமலம் மாமிக்கு, அதாவது பெற்ற தாயாருக்கு, யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஏழு வருஷம் போனது. அதற்குள் டைரக்டர் இன்னும் நாலு படம் எடுத்தார். நாலுக்கும் நாலு விதமான ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட ஆளைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்கலாம் என்று வடக்கேயிருந்து நாலு பேர் காமிராவோடு வந்தார்கள். அவர் பிறந்த ஊர், படித்த ஸ்கூல், அவர் படங்களிலிருந்து சில துண்டு, அவரே உட்கார்ந்து பேசுவது என்று இரண்டு டப்பாப் படம். ஸ்ரீரங்கத்துக்கு வந்தவர்களுக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஐயங்கார் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. பாவம், சாத்திய கதவையே ஒரு நிமிஷம் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வழியாகப் பால் கேனோடு சைக்கிளில் போனவன் ஒருத்தன் காமிராவைப் பார்த்து நின்று, தலையைக் கோதி, பல்லைக் காட்டினான். நான்தான்.

இரண்டு வருஷம் கழித்து அந்த டாக்குமெண்டரி எங்கள் கொட்டகைக்கே வந்தது. அந்தக் காலத்தில் எந்தப் படத்துக்கும் முன்னால் ஒரு டாக்குமெண்டரி கட்டாயம் போட வேண்டும். ஜனங்கள் அந்த நேரத்தில் வெளியே நின்று பீடி பிடிப்பார்கள், சோடா குடிப்பார்கள். ஆயுத பூஜைக்குப் பெரிய புராணப் படம் ஒன்று புக் ஆகியிருந்தது. ராஜா நாட்டை இழந்து, ராணியோடு காட்டுக்குப் போய், கடைசியில் பெருமாள் சேவை, அதாவது தரிசனம், தருவார். அதற்கு முன்னால் இந்த டாக்குமெண்டரி. மேனேஜர் சபாபதி ஊரெல்லாம் தட்டி வைத்தார், 'பெருமாள் தோன்றும்போது கற்பூர ஆரத்தி உண்டு' என்று.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் மாமி என்னை வழியில் நிறுத்தினாள்.

"மருதமுத்து, அவனைப் பத்தி ஏதோ படம் வரதாமே. அதுல அவன் மூஞ்சி தெரியுமோ?"

"பெரிசாத் தெரியும் மாமி. கொட்டகைச் செவுரு அளவுக்கு."

"வேஷம் போட்டுண்டா?"

"டாக்குமெண்டரில வேஷம் கிடையாது மாமி. எல்லாம் நிஜம். இருக்கறதை இருக்கிறபடி எடுக்கறது."

மாமி தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அவா வந்து கதவைப் படம் பிடிச்சாளே, அன்னிக்கு நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுண்டிருந்தேன். ஒம்போது வருஷமாச்சுடாப்பா. ஒரே ஒரு தரம் பாத்துட்டா போறும்."

"நான் காட்டறேன் மாமி" என்றேன். இதில் எனக்கு என்ன சிரமம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஐயங்கார் சுவாமியே என்னைக் கூப்பிட்டார். பெருமாள் சேவை வருகிறதே, ஆத்துக்காரி ஆசைப்படுகிறாள், தானும் வரலாம் என்றிருப்பதாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து சினிமா பார்க்காத மனுஷர். "ஆனா படத்துக்கு முன்னாடி அந்தப் பயலைப் பத்தி என்னமோ காட்டறேளாமே. அது முடியற வரைக்கும் நான் வெளியில இருப்பேன். அவன் மூஞ்சி என் கண்ணுல படப்படாது. உன்னை நம்பித்தான் வரேன்."

"படாதுங்க சாமி. நான் பாத்துக்கறேன்."

ஒரே ஆட்டம். ஒருத்தருக்கு அந்த முகத்தைக் காட்டுவதாக வாக்கு, இன்னொருத்தருக்குக் காட்டாமல் இருப்பதாக வாக்கு. ஏற்பாடு சுலபம்தான். பெண்கள் பக்கம் தனி வாசல். மாமி முன்னாடியே உள்ளே போய் உட்கார்ந்துவிடுவாள். சுவாமி மேனேஜர் ரூமில் இருப்பார். டாக்குமெண்டரி முடிந்ததும் அழைத்துப் போவார்கள். நான் பெரிய ராஜதந்திரி மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன்.

பூஜைக்கு முந்தின நாள் சாயந்திரம் பெட்டி வந்தது. பாய் நம்பர் சொன்னார், நான் சுண்ணாம்புப் புள்ளி வைத்தேன். புராணம் பதினாலு டப்பா. டாக்குமெண்டரி இரண்டுக்கும் புள்ளிக்குப் பதில் கோடு, ஒன்றுக்கு ஒரு கோடு, மற்றதுக்கு இரண்டு. மறுநாள் காலையில் பாய் வையம்பட்டிக்கு பஸ் ஏறினார். அவர் தங்கச்சி வீட்டில் கல்யாணம்.

"தம்பி, இன்னிக்கு நீதான் ஆபரேட்டர். பதறாதே. வரிசைதான் முக்கியம். வரிசை தப்பினா கதை தப்பிரும்."

"புள்ளி இருக்கு பாய்" என்றேன்.

பதினோரு மணிக்கு மேனேஜர் என்னைப் பொரி, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் வாங்க அனுப்பினார். நான் மார்க்கெட்டுக்குப் போய், அங்கே பூசணிக்காய்க்காரரோடு வேறொரு பேச்சில் மாட்டிக்கொண்டு (அவர் ஒன்றுவிட்ட மாமாவுக்கு என் அத்தையைக் கேட்டிருந்தார்கள், அது தனிக் கதை), திரும்பி வரும்போது மணி ஒன்றரை. இரண்டரைக்கு ஆட்டம்.

புரொஜக்டர் ரூமில் நுழைந்தேன். கமகமவென்று இருந்தது. இரண்டு மெஷினுக்கும் மாலை. ஸ்குரூடிரைவருக்குப் பொட்டு, எண்ணெய் டின்னுக்குப் பொட்டு, என் ஸ்டூலுக்குப் பொட்டு. மூலையில் பதினாறு டப்பாவும் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டு அடுக்கியிருந்தது. ஆயுத பூஜை என்றால் நமக்குத் தெரியுமே, முதலில் துடைப்போம், அப்புறம் பொட்டு வைப்போம். மேனேஜர் தன் கையாலேயே ஈரத்துணி போட்டு ஒவ்வொரு மூடியையும் அழுத்தித் துடைத்து, ஒவ்வொன்றிலும் அழகாக மூன்று சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தார்.

மூன்று, மூன்று, மூன்று. பதினாறு டப்பாவும் மூன்றாம் நம்பர்.

கீழே ஓடிப்போய், "இதுல எதுங்க ஒண்ணாம் நம்பர்?" என்று கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் அப்படிக் கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஆகிவிடும். இத்தனை வருஷமாக நாட்டைப் பற்றிக் கவலைப்பட்டதெல்லாம் வீணாகிவிடும். நானே கண்டுபிடிக்கிறேன் என்று கதவைச் சாத்தினேன்.

ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, ஃபிலிமின் முதல் கொஞ்சத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு விதி கிடைத்தது. கிரீடம் இருந்தால் புராணம், சட்டை இருந்தால் டாக்குமெண்டரி. புராணத்துக்குள் வரிசைக்கு இன்னொரு விதி. ராணி மேல் இருக்கிற நகையை எண்ணினேன். கதைப்படி ராணி ஒவ்வொன்றாக இழப்பாள். நகை குறையக் குறையக் கதை முன்னேறுகிறது. ஒட்டியாணம் போனால் ஆறாவது, மூக்குத்தி போனால் ஒன்பதாவது என்று அடுக்கிக்கொண்டே போனேன். இதைப் பற்றி இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இரண்டு இடத்தைத் தவிர எல்லாம் சரியாகவே இருந்தது.

அந்த இரண்டு இடம் என்னவென்றால், டாக்குமெண்டரியின் முதல் டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆரம்பத்தில் எழுத்து, அப்புறம் பாலம், அப்புறம் பஸ். இரண்டாவதுதான் அகப்படவில்லை. சட்டை போட்ட ஆள் வேறு எந்த டப்பாவிலும் இல்லை. ஆனால் ஒன்றில் கிரீடமும் இல்லை, நகையும் இல்லை. தாடி வைத்த ஒருத்தர் இடுப்பில் ஒரு துண்டோடு மரத்தடியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். டைரக்டர்கள்தான் இப்படி யோசிப்பார்கள் என்று முடிவு செய்து அதை டாக்குமெண்டரி பக்கம் வைத்தேன். இன்னொரு டப்பாவில் பெருமாள் முழு கிரீடத்தோடு நின்றார். அது கடைசி என்று வைத்தேன்.

இரண்டரைக்கு ஹவுஸ் ஃபுல். மாமி பெண்கள் பக்கம் முதல் வரிசையில். சுவாமி கீழே மேனேஜர் ரூமில், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் அடியில், விசிறியால் விசிறிக்கொண்டு. மேனேஜருக்கு அவரைப் பார்த்ததும் புது யோசனை.

"சாமி, நீங்களே ஆரத்தி காட்டிட்டா எங்களுக்குப் பெரிய பாக்கியம்."

"திரைக்குக் கற்பூரமாய்யா?" என்று யோசித்தார் சுவாமி. "சரி, போறது. பெருமாள் எந்த ரூபத்துல வந்தாலும் பெருமாள்தானே."

முதல் டப்பாவை ஓட்டினேன். பாலம் வந்தது, கோபுரம் வந்தது, சாத்திய கதவு வந்தது. சைக்கிளில் நானும் வந்தேன். என்னை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. டைரக்டர் முகம் அதில் வரவில்லை. ஒரு குரல் கணீரென்று, "இத்தனை எதிர்ப்புக்குக் காரணமான அந்த மனிதர் யார்?" என்று கேட்டு நின்றது. அடுத்த மெஷினைத் தட்டினேன். மரத்தடியில் தாடிக்காரர்.

டைரக்டர் நன்றாகத் தாடி வளர்த்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் இருந்தார். மின்னல் வெட்டியது. கருடன் மேல் சங்கு சக்கரத்தோடு பெருமாள் வந்து இறங்கினார்.

அது புராணத்தின் கடைசி டப்பா.

வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் "கோவிந்தா" சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தார்கள். தரை டிக்கெட்டில் ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், "என்னமா படம் எடுத்து ஊரைக் கொதிக்க வெச்சான் இந்த சௌரி. அவனுக்கே சேவை கிடைச்சிருச்சு பாத்தியா." பெருமாள் ஆசீர்வாதம் செய்தார். 'சுபம்' போட்டார்கள். நாலைந்து பேர் எழுந்து சைக்கிள் எடுக்கப் போனார்கள். அப்புறம் புராணப் படத்தின் டைட்டில் ஆரம்பித்ததும் சந்தேகத்தோடு திரும்பி வந்தார்கள். சுவாமியை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள்.

இடைவேளையில் புரொஜக்டர் ரூம் இரும்பு ஏணிக்கடியில் மாமி வந்து நின்றாள்.

"மருதமுத்து, பாத்தேண்டாப்பா."

நான் ஏணியில் பாதி இறங்கினேன்.

"ஏண்டா இவ்வளவு தாடி? மெட்ராஸ்ல க்ஷவரம் பண்ண ஆளில்லையோ? விலா எலும்பெல்லாம் தெரியறது. அவன் ஆம்படையா என்ன தளிகை பண்ணிப் போடறாளோ." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போறது. பெருமாளே சேவை சாதிச்சுட்டார். ஆத்துக்குப் போனதும் இவர்கிட்ட கேக்கப்போறேன். பெருமாளே அவனை க்ஷமிச்சுட்டார், நீர் என்ன அவருக்கு மேலேயான்னு."

"மாமி, அது வந்து..."

"நீதானே சொன்னே, டாக்குமெண்டரில எல்லாம் நிஜம்னு."

மணி அடித்தது. மாமி போய்விட்டாள். ஒன்பது வருஷம் கழித்துப் பிள்ளையைப் பார்க்க வந்தவளுக்கு யாரோ ஒரு சம்பள நடிகரின் தாடியைக் காட்டி அனுப்பிவிட்டேன். அதை நம்பிக்கொண்டு அவள் புருஷனோடு சண்டை போடப்போகிறாள். சுவாமி என்னைக் கேட்பார். நான் என்ன சொல்வேன்? மீதி டப்பாக்களை மறுபடி திறந்து பார்த்தேன். எங்கேயும் சட்டை இல்லை. எல்லாம் கிரீடம். டாக்குமெண்டரியின் இரண்டாவது டப்பா மெட்ராஸிலேயே நின்றுவிட்டது என்று தீர்மானித்தேன். கடைசி டப்பாவில் பெருமாள் இருந்தது மட்டும் கொஞ்சம் இடித்தது. ஒரே படத்தில் இரண்டு தடவையா சேவை? சரி, முதலில் வந்தது காட்டுச் சேவை, இது வைகுண்ட சேவையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதை மெஷினில் மாட்டினேன்.

பதின்மூன்றாவது டப்பா சங்கு ஊதி முடிந்தது. மேனேஜர் பக்கவாட்டு விளக்குகளைப் போடச் சொன்னார். திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூல். சுவாமி அதில் ஏறினார். அவர் குள்ளம். தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். நான் மெஷினைத் தட்டினேன்.

பெருமாள் நின்றார். முந்நூறு பேரும் எழுந்து "கோவிந்தா" என்றார்கள். சுவாமி சன்னதியில் காட்டுகிற மாதிரியே காட்டினார். முதலில் திருவடி. அங்கே கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக மேலே. முழங்கால், இடுப்பு, மார்பு. முகத்துக்கு நேராகத் தட்டைத் தூக்கிவிட்டு அவரும் அண்ணாந்து பார்த்தார்.

பெருமாள் போய்விட்டார். சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு, மூக்குக்கண்ணாடியோடு, வழுவழுவென்று சவரம் செய்த ஒரு முகம் திரை முழுக்க இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கிரீடப் பெருமாள், டைரக்டர் முதன்முதலில் எடுத்த பக்திப் படத்திலிருந்து ஒரு துண்டு. டாக்குமெண்டரிக்காரர்கள் அதை இரண்டாவது டப்பாவின் ஆரம்பத்தில் வைத்திருந்தார்கள். என் கிரீட விதியை அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

திரையில் அந்த முகம் பேசியது. "எனக்குக் காமிரா சொல்லிக்கொடுத்தது எங்கப்பா. அவர் சினிமாவே பார்த்ததில்லை. சன்னதில கற்பூரம் காட்டுவார். எடுத்தவுடனே முகத்தைக் காட்ட மாட்டார். முதல்ல திருவடி. அப்புறம் மெதுவா மேல. முகத்துகிட்ட வந்ததும் நிறுத்துவார். அப்பத்தான் ஜனங்களுக்குக் கண்ணுல ஜலம் வரும். க்ளோசப்புன்னா அதுதான். நான் வேற எங்கயும் போய்ப் படிக்கல."

சுவாமியின் கை அந்த முகத்துக்கு நேராக நின்றிருந்தது. தரை டிக்கெட்டில் யாரோ, "டேய், இது நம்ம சௌரி" என்றார்கள். நான் வெளிச்சத்தை மறைக்கிற தகட்டின் மேல் கை வைத்தேன். அந்தச் சமயம் பெண்கள் பக்கத்திலிருந்து மாமியின் குரல் கேட்டது.

"தாடியை எடுத்துட்டான்."

நான் கையை எடுத்துவிட்டேன்.

மேனேஜர் திரைக்குக் கீழே நின்று கையைப் பிசைந்தார். "சாமி, இறங்கிடுங்க, தப்பு நடந்துபோச்சு."

"கற்பூரம் எரிஞ்சிண்டிருக்கு" என்றார் சுவாமி.

ஏற்றிய கற்பூரத்தை நடுவில் கீழே வைக்க அவருக்குத் தெரியாது. ஆயுசு முழுக்க வைத்ததில்லை. அது எரிகிற வரைக்கும் நின்றார். மேனேஜர் பெரிய கொட்டகையாயிற்றே என்று பெரிய கட்டியாகப் போட்டிருந்தார். அவ்வளவு நேரமும் பிள்ளை பேசிக்கொண்டே இருந்தார், அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் வழக்கப்படி தட்டை ஜனங்கள் பக்கம் திருப்பினார். ஒருத்தருக்கும் போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. மாமி எழுந்து போய் இரண்டு கையாலும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் தரை டிக்கெட், பெஞ்ச் டிக்கெட் எல்லாம் வரிசையில் நின்றது. சாணி அடித்த பேர்வழிகள் இரண்டு பேரையும் அந்த வரிசையில் நான் மேலேயிருந்து பார்த்தேன். (பெயர் சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.)

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் ரூமில் பஞ்சாயத்து.

"ஏண்டா, நம்பர் ஒட்டியிருக்குல்ல? பாக்கத் தெரியாது?" என்றார் மேனேஜர்.

சுவாமி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மாமி நின்றிருந்தாள். இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது? "தெரியாதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

மேனேஜர் என் மோவாயைப் பிடித்துத் தூக்கினார். "மேல பாருடா."

ரோமன் எண் போட்ட சுவர்க் கடிகாரம். அதே குச்சி, அதே கவட்டை, அதே பெருக்கல் குறி. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வரிசையாக, வட்டமாக. ஒன்றரை வருஷமாக அதைப் பார்த்து மணி சொல்லிக்கொண்டிருக்கிறேன். முள் நிற்கிற இடத்தைத்தான் பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை.

"அப்ப அந்தத் தாடிக்காரன் யாருடா?" என்றாள் மாமி.

"ராஜா வேஷம் மாமி. காட்டுக்குப் போன ராஜா."

மாமி சிரிக்க ஆரம்பித்தாள். சுவாமி சிரிக்கவில்லை. "முழிக்கறதில்லைன்னு சபதம். உன்னை நம்பி வந்தேன். கற்பூரம் காட்டியே முழிக்க வெச்சுட்டே."

"பெருமாள் எந்த ரூபத்துல வந்தாலும் பெருமாள்தான்னு சித்த முன்னாடி யாரோ சொன்னாளே" என்றாள் மாமி.

"அது பெருமாளுக்குச் சொன்னது."

"நம்ம சௌரிராஜனுக்கும் பெருமாள் பேர்தான். வெச்சது நீங்கதான்."

சுவாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, திரும்பாமலே, "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆட்டம்?" என்று கேட்டார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும். படம் மாறுகிற வரைக்கும் தினமும் வந்தார். டாக்குமெண்டரி ஆரம்பிக்கும்போது உள்ளே நுழைவார். புராணப் படம் ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார். டிக்கெட் வாங்கி டாக்குமெண்டரி மட்டும் பார்த்த மனுஷர் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான். வையம்பட்டியிலிருந்து திரும்பி வந்த ஜமால் பாய், "புள்ளி இருக்கு, புள்ளி இருக்குன்னியே தம்பி" என்று மட்டும் சொன்னார். அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். மேனேஜர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. தினம் காலையில் கடிகாரத்தின் முன்னால் நிறுத்தினார். பன்னிரண்டு வரைக்கும் அதில் படித்தேன். அதற்கு மேல் பாய் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அ, ஆ. இப்போது இதை நானே எழுதுகிறேன் என்றால் அந்த ஈரத்துணிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் மார்கழியில் டைரக்டர் வந்தார். கதவு திறந்திருந்தது. அப்பாவும் பிள்ளையும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை என்று மாமி சொன்னாள். சண்டை எல்லாம் அப்படியே இருக்கிறது, மூஞ்சியைப் பார்த்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான் என்றாள். போகிற வழியில் அவர் கொட்டகைக்கு வந்து என்னைத் தேடினார்.

"என் படத்தை எடிட் பண்ணினது நீங்கதானா?"

"தெரியாம நடந்துபோச்சுங்க."

"எனக்குத் தெரிஞ்சும் இப்படி வரலையே" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மா என் தாடியைப் பத்தி ஏதோ சொல்றாளே, அது என்ன?" என்றார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி, மூன்று பெண்கள் பிறந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் இன்றைக்கும் பழைய ஆட்கள் என்னை 'மூணாம் நம்பர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆயுத பூஜை வந்தால் என் வீட்டில் பொட்டு வைக்கிற பொறுப்பு எனக்குக் கிடையாது, என் மனைவி விட மாட்டாள். அவளே ஈரத்துணியால் துடைத்து வைப்பாள். மிக்ஸிக்கு ஒரு பொட்டு, கிரைண்டருக்கு இரண்டு, தையல் மெஷினுக்கு மூன்று, சைக்கிளுக்கு நாலு என்று எண்ணித்தான் வைப்பாள். கடைசியில் சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்து, நெற்றியில் ஒன்று வைத்துவிட்டு, மோவாயைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பாள்.

"கிரீடமும் இல்லை, நகையும் இல்லை" என்பாள் பெண்களைப் பார்த்து. "இது டாக்குமெண்டரி. தனியா வைங்க."